சகமார்க்கமும் காவிரிநாட்டு மடங்களும்

உயிர் இறைவனை அடைதற்குரிய நெறிகளைச் சைவ சித்தாந்த நூல்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுத்தன. இவை முறையே தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் எனவும் பெயர் பெறும். தாசமார்க்கம் அடிமை நெறி. சற்புத்திரமார்க்கம் மகன்மை நெறி. சகமார்க்கம் தோழமை நெறி. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்துள் சகமார்க்கத்தின் இலக்கணம் கூறுமிடத்து, புலன்களை ஒடுக்கி வளியைத் தடுத்து அட்டாங்க யோகம் முழுவதும் முயன்று நிற்றலே அந்நெறி எனத் தெரித்து, அதன் பயன் சாரூபம் என்றருளினார்.

ஈண்டு ஒரு வினா எழும். அட்டாங்க யோகம் என்றவுடன் மலைமுழையும், அடர்ந்த காடும், ஆண்டுத் தனித்திருக்கும் துறவியுமே பலர் உள்ளத்தில் தோன்றும். ஒருவர் தனித்திருந்து கண்மூடிச் செய்யும் செயலுக்குத் தோழமை நெறி என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும்? ஆசிரியர்கள் இதற்கு இறுக்கும் விடை வெளிப்படை. இறைவனைத் தோழமையாகக் கொள்ளும் நெறி என்பதே அப்பெயரின் பொருள். அதற்கு எடுத்துக்காட்டு தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார். இவ்விடை அமைவுடையதே. ஆயினும் காவிரிநாட்டு வரலாற்றை ஆராய்வார்க்கு அப்பெயர் பிறிதொரு வகையானும் பொருந்துதல் புலனாகும். அந்நாட்டில் யோகம் தனியொருவர் உடைமையாக வளர்ந்திலது. ஆசிரியர், மாணாக்கர், உடன் பயில்வோர் என்னும் கூட்டத்தினுள், ஊர்நடுவே, ஒரு பந்தியில் உண்டு வளர்ந்தது. கல்லணைக்குக் கீழ்ப்பால் மலையும் முழையும் இல்லை. காணுமிடமெல்லாம் வயலும் வாய்க்காலுமே. அத்தகைய நாட்டில் யோகம் கொண்ட உருவம் யாதென்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மூலர் உடன்பயின்றார்

தமிழில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும் முதனூல் திருமூல நாயனார் அருளிய திருமந்திரம். பன்னிரு திருமுறையுள் பத்தாவதாகிய அந்நூல் ஒன்பது தந்திரங்களை உடையது. அவற்றுள் மூன்றாந் தந்திரம் யோகத்தையே பொருளாகக் கொண்டு, இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டுறுப்புக்களையும் நிரலே கூறுகின்றது. நாயனாரது காலம் பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். சுந்தரர் திருத்தொண்டத்தொகையுள் அவரை வணங்கியிருத்தலின், சுந்தரர்க்கு அவர் முற்பட்டவர் என்பது மட்டும் ஐயமின்றித் துணியப்படும்.

அந்நூற் பாயிரத்துள் நாயனார் தம்மோடு நந்தியின் அருள் பெற்றாரை எண்ணுகின்றார். நந்திகள் நால்வர், சிவயோகமாமுனி, தில்லை மன்றைத் தொழுத பதஞ்சலி, வியாக்கிரமர் என்னும் எழுவரோடு தம்மையும் கூட்டி எண்மர் என்கின்றார். இஃது ஊன்றி நோக்கற்பாலது. பதஞ்சலி என்னும் பெயரை யோக சூத்திரத்தோடு சேர்த்தே உலகம் வழங்கும். அப்பதஞ்சலியைத் திருமூலர் தமக்கு ஆசிரியர் என்றும் கூறிற்றிலர், மாறுபட்டவர் என்றும் கூறிற்றிலர். ஓராசிரியர்பால் உடன் பயின்றவர் என்றே கூறினார். வரலாற்று முறையான் இவ்விருவரும் ஒருகாலத்தவர் என நாட்டுதல் அரிது. ஆயின், நூலாசிரியர் தம் யோகத்தை எத்தகைய ஒன்றாகக் கருதினார் என்பது இதனால் விளங்கும். ஒரு பள்ளியில் ஓராசிரியர் திருமுன்னர் எண்மர் சேர்ந்திருந்து பெற்ற கல்வி அது. பாயிரம் மேலும் நாயனாருடைய மாணாக்கர் எழுவரையும், அவர்வழி வந்த மடங்கள் ஏழனையும் கூறுகின்றது. இச்செய்யுட்களிற் சில பிற்காலத்தார் சேர்த்தன என்பாரும் உளர். அங்ஙனமாயினும், மூலர் யோகம் மடங்களின் வழியே வழங்கிற்று என்னும் கொள்கை சோழநாட்டில் வேரூன்றியிருந்தமைக்கு அவை சான்றாதல் தவறாது.

பகுத்துண்டலும் கேள்வியும்

எட்டுறுப்புக்களின் பெயர் பதஞ்சலி சூத்திரத்திலும் திருமந்திரத்திலும் ஒன்றே. உள்ளீட்டை ஒப்பிடின் வேற்றுமை தோன்றும். பதஞ்சலியார் இயமம் ஐந்து என்றார்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர்பொருள் ஏலாமை என்பன. திருமூலர் கூறும் இயமத்தைப் பத்தாக எண்ணுவர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்னும் மூன்றும் ஒத்து வருகின்றன. அடக்கமும், நடுவுநிலைமையும், கள்ளும் காமமும் நீங்கலும் அவற்றோடு சேர்கின்றன. இவற்றிடையே பிற யோக நூல்களிற் காணப்பெறாத ஒன்றை நாயனார் வைத்தார், அது பகுத்துண்டல்.

வடமொழியிலும் இயமத்தைப் பத்தாக விரிக்கும் யோகயாஞ்ஞவற்கியம் முதலிய நூல்கள் உள. அவை உணவு பற்றி விதிப்பது மிதாகாரம், அஃதாவது அளவறிந்து உண்டல். அளவறிந்து உண்டல் தன் உடம்பை நோக்கிய விதி. பகுத்துண்டல் பிறர் பசியை நோக்கிய விதி. முன்னையதைத் தனித்திருப்பார் காக்கலாம். பின்னையதைக் காத்தற்குப் பக்கத்தே பிறர் ஒருவர் வேண்டும். திருவள்ளுவரும் கொல்லாமை அதிகாரத்துள் இதனை நூலோர் தொகுத்த அறங்கள் எல்லாவற்றிற்கும் முதன்மையாக வைத்தமை அறிஞர் அறிவர். நெல்விளையும் நாட்டில் அமர்ந்த ஆசிரியர் யோகத்தின் முதற்படியிலேயே சோற்றைப் பகிரும் அறத்தை வைத்தது இயல்பே எனலாம்.

நியமத்திலும் இவ்வாறே. பதஞ்சலியார் தூய்மை, உவப்பு, தவம், சுவாத்தியாயம், ஈசுவரனை அடைதல் என ஐந்து கூறினார். திருமூலர் தவமும் உவப்பும் கூறி, செபம், தானம், சிவவிரதம், சிவபூசை முதலியவற்றோடு சித்தாந்தக் கேள்வி என்பதனையும் சேர்த்தார். சுவாத்தியாயம் தானே ஓதுதல். கேள்வி ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டல். சொல்வார் இன்றிக் கேள்வி இல்லை. ஆகவே, பகுத்துண்டல் இயமத்துள் உடனுண்பாரை வேண்டிற்று. சித்தாந்தக் கேள்வி நியமத்துள் ஆசிரியரை வேண்டிற்று. ஆதனத்தில் அமர்தற்கு முன்னரே இவ்விரண்டும் அமைதல் வேண்டும் என்பது நூன்முறை. எண்டிசையும் நீர் பெய்யினும் நியமத்தைக் கைவிடற்க என்று நாயனார் இப்பகுதியின் தொடக்கத்தே கூறுவது, ஆண்டுதோறும் வெள்ளம் காணும் காவிரிக்கரைக்கு எவ்வளவு இயைபுடையது!

பொது மடம்

திருமூலர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தார். திருக்கயிலையினின்றும் போந்த சிவயோகியார் ஒருவர், அகத்தியரைக் காணும் விருப்பொடு தென்றிசை நோக்கி வருங்கால், காவிரியைக் கடந்து திருவாவடுதுறையை வழிபட்டு மேற்செல்லும்போது, சாத்தனூர் ஆயன் மூலன் இறந்துகிடப்பதையும், பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டார். அவற்றின் துயர் நீக்கும்பொருட்டு அவ்வுடலிற் புகுந்தார். மாலையிற் பசுக்கள் தத்தம் மனை புகுந்தன. மூலன் மனைவி அவரை அழைக்க, தொடர்பில்லை என மறுத்தார்.

அதன்பின் அவர் சென்றது எங்கே? காட்டிற்கன்று, அவ்வூரில் இருந்த ஒரு பொது மடத்திற்கு. அம்மடத்துள் அமர்ந்தே யோகத்தில் நிலைத்தார். மறுநாள் ஊரிலுள்ள சான்றோர் வந்து பார்த்து, இது பித்துமன்று, பேய்க்கோளுமன்று, யோகநிலையே என மனைவிக்கு எடுத்துரைத்தனர் என்கின்றது புராணம். ஆயர் வாழும் சிற்றூர் ஒன்றிற் பொது மடம் இருந்தது; யோகத்தில் இருப்பாரைக் கண்டு இன்னார் எனத் தெளியும் சான்றோரும் அவ்வூரில் இருந்தனர். இவ்விரு செய்தியும் சேக்கிழார் போகிற போக்கில் கூறியன. ஆதலின், அவர் காலத்துச் சோழநாட்டார்க்கு அவை வியப்பிற்குரியன அல்ல என்பது பெறப்படும். பின்னர் நாயனார் திருவாவடுதுறைக் கோயிலின் மேற்றிசையில் அரசமரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யுள் அருளினார் என்பது வரலாறு. அப்பொழுதும் அவர் இருந்தது கோயிலருகே, ஊரார் கண்முன்னர்.

சேக்கிழார் காலம் இரண்டாங் குலோத்துங்க சோழன் (கி.பி. 1133-1150) காலம். அதற்குச் சில ஆண்டுகள் முற்பட்ட திருவாவடுதுறைக் கல்வெட்டு ஒன்று, விக்கிரம சோழனது 3-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1121-இல் பொறிக்கப்பெற்றது. அது மாகேசுரர்க்கும், வாகபடரின் அட்டாங்க இருதயம், சரக சங்கிதை என்னும் மருத்துவ நூல்கள் கற்பார்க்கும், உரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் கற்பார்க்கும் அவ்வூரில் உணவளித்தற்கு ஏற்பட்ட அறக்கட்டளையைக் கூறுகின்றது. உயிர்நோய் தீர்க்கும் யோகத்திற்கும் உறுப்பு எட்டு; உடல்நோய் தீர்க்கும் மருத்துவத்திற்கும் உறுப்பு எட்டு. திருமூலர் யோகம் பிறந்ததாகக் கூறும் ஊரிலேயே உடலின் எட்டுறுப்பு நூலைக் கற்பாரும் ஒரு கூட்டமாக இருந்து, அறச்சோறு உண்டு பயின்றனர். சேக்கிழார் கூறிய பொது மடம் கற்பனையன்று என்பதற்கு அவர் காலத்துக் கல்லே சான்று.

மலையற்ற நாட்டில் குகை

சோழர் காலக் கல்வெட்டுக்களில் மடங்களைக் குறிக்கக் குகை என்னும் சொல்லும் வழங்குதல் காணலாம். மலையே இல்லாத வயல்நாட்டில் குகை எங்ஙனம் வந்தது? வடபால் மலைமுழைகளில் தவம்புரிந்தார் வழிவந்தோர் ஊர்நடுவிற் குடியேறிய காலத்து, உறைவிடத்தின் பெயரையும் உடன் கொண்டுவந்தனர் எனக் கருதுதல் தகும். இடம் மாறிற்று, பெயர் நின்றது. செங்கல்லாற் கட்டி ஊரார் நெல்லளிக்க நடந்த மடமும் குகையே எனப்பட்டது.

ஊர்நடுவில் வாழ்ந்தமையால் ஊரின் பூசலும் அக்குகைகளைத் தொட்டது. திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டு ஒன்று, மூன்றாங் குலோத்துங்கனது 22-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1200-ஐ ஒட்டி, நிகழ்ந்த குகையிடி கலகத்தைக் குறிக்கின்றது. அக்கலகத்தில் மடம் அழிவுற்றது. அதன் காரணம் சமயப் பிணக்கோ, குலப் பிணக்கோ என ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. மடங்கள் நிலமும் செல்வாக்கும் உடையனவாய், நாட்டு வாழ்வோடு பின்னிக் கிடந்தன. தனித்து ஒதுங்கியிருந்த முழைகளை இடிக்க எவரும் கூடி வாரார்.

சந்தான மடங்கள்

மெய்கண்ட தேவர், அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்னும் சந்தானாசாரியர் நால்வருள் இறுதியில் நின்ற உமாபதியார் தமது சங்கற்ப நிராகரணத்துட் குறித்த ஆண்டு கி.பி. 1313 ஆகும். அவர்க்குப் பின் அருணமச்சிவாயர், சித்தர் சிவப்பிரகாசர் வழியாக வந்தவர் மூவலூர் நமச்சிவாய மூர்த்திகள். திருமூலர் அமர்ந்த திருவாவடுதுறையிலேயே ஆதீனத்தை நிறுவியவர் அவரே. ஒன்பதாந் திருமுறையில் திருவிசைப்பாப் பாடிய திருமாளிகைத்தேவரையும் அவ்வாதீனத்தார் தொன்றுதொட்டு வழிபட்டு வருகின்றனர். திருமூலர் பாயிரம் கூறும் மடத்துத் தலைவருள் மாளிகைத்தேவர் பெயரும் உண்மை நினைக்கத்தக்கது. 16-ஆம் நூற்றாண்டில், திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர்பால் உபதேசம் பெற்ற குருஞானசம்பந்தர் தருமபுரத்தில் ஆதீனம் கண்டார்.

இம்மடங்கள் ஞானத்தையே தலைமையாகக் கொண்டமையின் யோகத்தைக் கைவிட்டன என்பார் உளர். அற்றன்று. தீக்கை பெற்றார் நாடோறும் செய்தற்குரிய ஆன்மார்த்த சிவபூசையின் அமைப்பை நோக்குவார்க்கு அக்கூற்றின் வலியின்மை புலனாகும். பூசைக்கு முன்னர்ச் செய்யும் சுத்தி ஐந்தனுள் முதலாவதாகிய ஆன்மசுத்தி, பிராணாயாமமும் பூதசுத்தியும் இன்றி நிகழாது. பின்னர் வரும் அந்தரியாகத்தில் இருதயம் பூசைத்தானமாகவும், நாபி ஓமத்தானமாகவும், புருவநடு தியானத்தானமாகவும் கொள்ளப்படும். ஆதனம், வளியடக்கம், புலனொடுக்கம், தாரணை, தியானம் என்னும் உறுப்புக்கள் பூசையினுள்ளே அடங்கிவிட்டன. இயம நியமங்களோ மடத்து ஒழுக்கமாகவே ஆயின. காலை நீராட்டு, பூசை, பாடம், மாகேசுர பூசை, பந்தி என்னும் நாள்முறையே அவ்வொழுக்கம். பகுத்துண்டல் மாகேசுர பூசையாயிற்று. சித்தாந்தக் கேள்வி பாடம் கேட்டலாயிற்று. யோகம் மறைந்திலது, பெயர் மாறி நாள்தோறும் நடந்தது என்பதே உண்மை.

இம்முறையின் வலிமையைப் பிற்காலத்தும் காணலாம். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வகுத்த சிவஞான முனிவர் (மறைவு 1785) திருவாவடுதுறையிற் பயின்றவர். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வாதீன வித்துவானாய் விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815-1876) பாடம் கேட்ட மாணாக்கர் பலர், உ. வே. சாமிநாதையர் அவருள் ஒருவர். ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிய அம்மடத்துக் காட்சிகள் கற்றோர் உள்ளத்தில் இன்றும் நிலவுவன. காவிரி, சமவெளியிற் பரவுமுன் நிற்கும் திருச்சிராப்பள்ளியில், தாயுமானவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மௌனகுருவை அடைந்தார். மூலன் மரபில் வந்தவர் எனவும் யோகத்திற்கும் மந்திரத்திற்கும் குருவெனவும் தம் ஆசிரியரை அவர் போற்றுதலின், திருவாவடுதுறை அரசமரத்தடி யோகம் மலைக்கோட்டை அடிவாரம் வரை தொடர்ந்து வந்தமை அறியப்படும். மௌனமே உபதேசமாகிய நெறியும் ஆசிரியர், மாணாக்கர் என்னும் இருவரை வேண்டிற்று. தாயுமானவர்க்கும் அருளையர் முதலிய மாணாக்கர் அமைந்தனர்.

திருவிசநல்லூர்க் கூட்டம்

சைவ மடங்களே அன்றிப் பிறிதொரு கூட்டமும் காவிரிநாட்டில் பதஞ்சலியைப் பயின்றது. கும்பகோணத்திற்கு வடகிழக்கே காவிரியின் வடகரையிலுள்ள திருவிசநல்லூர், தேவாரத்தில் திருவியலூர் எனப்படும்; திருஞானசம்பந்தர் பாடல் பெற்றது. ஆண்டு எழுந்தருளிய இறைவன் திருப்பெயர் சிவயோகிநாதர். சிவயோகியர் எண்மர் இலிங்கத்தில் ஒன்றுபட்டனர் என்பது தலவரலாறு. திருமூலர் எண்ணிய எண்மரையும் இவ்வெண்மரையும் ஒருவராகக் கொள்ள வேண்டுவதில்லை. சிவயோகியரைக் கூட்டமாகவே கருதும் மரபு இரண்டிடத்தும் ஒத்தல் மட்டும் நோக்கத்தக்கது.

தஞ்சை மராட்டிய மன்னர் சகசி (ஆட்சி 1684-1712), 1693-இல் இவ்வூரை நாற்பதுக்கு மேற்பட்ட வடமொழிப் புலவர்க்கு அளித்தார். ஊர் சகசிராசபுரம் எனப் பெயர் பெற்றது. ஒரு தெருவின் இருமருங்கும் ஆசிரியர் மனைகள். ஒவ்வொரு மனையும் ஒரு பள்ளி. அவருள் இராமபத்திர தீட்சிதர் பதஞ்சலி சரிதம் என்னும் காவியம் இயற்றினார். அதனுள், பதஞ்சலி முனிவர் தில்லையில் திரையிட்டு அதன்பின் அமர்ந்து ஆயிரவர் மாணாக்கர்க்கு ஒருங்கே மாபாடியம் உரைத்தார் எனவும், திரையை நீக்கலாகாது என்னும் ஆணையை அவர் மீற, அனைவரும் எரிந்தனர் எனவும், சொல்லாது வெளியே சென்றிருந்த ஒருவர் மட்டும் எஞ்சினார் எனவும் ஒரு கதை வருகின்றது. ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையே உள்ள கட்டுப்பாடு முறியின் கல்வி அழியும் என்பது அக்கதையின் கருத்து. அதனைப் பாடியவர், நாள்தோறும் மாணாக்கர் நடுவே இருந்த ஆசிரியர்.

அவ்வூரிற் பயின்றவர் எனப் போற்றப்படுவார் சதாசிவ பிரமேந்திரர். அவர் பரமசிவேந்திர சரசுவதியிடம் துறவு பெற்று, பதஞ்சலி சூத்திரத்திற்கு யோகசுதாகரம் என்னும் உரை செய்தார். வந்தாரையெல்லாம் வாதில் வென்ற அவரை, வாய் மூடுவது எப்பொழுது என ஆசிரியர் வினவ, அன்று தொட்டு மௌனம் பூண்டு காவிரிக்கரையில் திரிந்தார் என்பர். கரூர்க்கு அண்மையில் நெரூரில் அவரது சமாதி உளது. இவர் தனித்துத் திரிந்தவர் ஆயிற்றே, கூட்டத்திற்கு எங்ஙனம் சான்றாவர் எனின், கூறுதும். அவர் கற்றது கூட்டத்தில். மௌனம் கொண்டது ஆசிரியர் சொல்லால். எழுதிய உரை பயில்வார்க்காக. தனிமை அவர் சென்றடைந்த இடம். புறப்பட்ட இடம் அன்று.

அவ்வூர் வாழ்ந்த பிறிதொருவர் சீதர வேங்கடேசர். ஐயாவாள் என அன்போடு வழங்கப்படுபவர். தந்தையின் சிராத்தநாளில், பசியால் வாடிவந்த தாழ்த்தப்பட்ட ஒருவர்க்குச் சிராத்தத்திற்கெனச் சமைத்த உணவை அவர் அளித்துவிட்டார். ஊரார் அவரை விலக்கி, கங்கை நீராடிவரின் அன்றிச் சேர்த்துக்கொள்ளேம் என்றனர். அவர் வேண்ட, அவரது மனைக் கிணற்றிலே கங்கை பொங்கியெழுந்தது என்பது செவிவழி வரலாறு. கார்த்திகை அமாவாசை தோறும் மக்கள் திரண்டு அக்கிணற்றில் நீராடுதல் இன்றும் நிகழ்கின்றது.

பந்தியின் எல்லை

ஐயாவாள் வரலாறு இவ்வாராய்ச்சியில் தலைமையான ஒன்றைக் கேட்கின்றது. அவ்வூரார் பதஞ்சலியை அறியாதவரல்லர். கொல்லாமை முதலிய இயமம் ஐந்தனையும் ஓதியவர். எனினும் பசித்தார் ஒருவர்க்குச் சோறிட்டமை அவர்க்குக் குற்றமாகத் தோன்றிற்று. சைவ மடங்களும் இக்குறையினின்று முற்றும் நீங்கியன அல்ல. மாகேசுர பூசையின் பந்தி நெடுங்காலம் பிறப்பு வேற்றுமை பார்த்தே நடந்தது. மடத்து நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, நெல் அறுத்துக் களஞ்சியம் நிறைத்த உழைப்பாளர் அப்பந்தியில் அமர்ந்திலர். 1952-ஆம் ஆண்டுத் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவர்தம் உரிமையை முதற்கண் வரையறுத்தது. அறநூல் சொன்னதைச் சட்டம் வந்து சொல்ல நேர்ந்தது.

பயில்வாரின் கூட்டம் இன்றி யோகம் வளராது என்பது உண்மை. ஆயின் அக்கூட்டம் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்ளின் யோகத்தின் முதலுறுப்பே குறைபடும் என்பதும் உண்மை. பகுத்துண்டலை இயமத்துள் வைத்த நாயனார் இன்னார்க்குப் பகுக்க என வரைந்திலர். அவர் புகுந்ததும் ஓர் ஆயன் உடல். புகக் காரணமாய் இருந்ததும் வாயில்லாப் பசுக்களின் துயர். யோகியர் வரலாறு இரக்கத்திற் தொடங்குதலை மறந்து யோகத்தைப் பயில்வது, வேரை மறந்து கிளைக்கு நீர் விடுதலை ஒக்கும்.

தம்பிரான் தோழர் வரலாறும் இதனையே வலியுறுத்தும். சகமார்க்கத்திற்கு எடுத்துக்காட்டாகிய சுந்தரர், திருவாரூரில் பரவையார் மனையில் வாழ்ந்த இல்லறத்தார். குண்டையூர்க் கிழார் அவர்க்கு நெல்லும் பருப்பும் அனுப்பிவந்தார். மழை பொய்த்து அவை குறைந்த காலத்து, இறைவன் அருளால் குண்டையூரில் நெல்மலை எழுந்தது. சுந்தரர் திருக்கோளிலியிற் பாடி ஆள் வேண்ட, பூதகணங்கள் திருவாரூர்த் தெருவெல்லாம் நெல்லை நிறைத்தன. பரவையார் செய்தது யாது? அவரவர் மனை எல்லையுள் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என முரசறைவித்தார். இறைவனைத் தோழராகப் பெற்றார் மனையில் வந்த நெல் ஊராரது ஆயிற்று. சகமார்க்கத்தின் பகுத்துண்டல் இதுவே.

இக்காலம்

அட்டாங்க யோகம் என்னும் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. மைசூர் அரண்மனை யோகசாலையில் கிருட்டிணமாச்சாரியார் (1888-1989) கற்பித்த முறையைப் பயின்ற பட்டாபி ஜோயிஸ் (1915-2009), 1948-இல் மைசூரில் நிலையம் கண்டு, ஆதனங்களைத் தொடர்ச்சியாக அமைத்துக் கற்பித்த முறைக்கு அப்பெயரையே இட்டார். அயல்நாட்டார் பலர் அம்முறையைப் பயின்று தத்தம் நாடுகளிற் பரப்பினர். ஐக்கிய நாடுகள் அவை 2014-ஆம் ஆண்டு திசம்பர் 11-ஆம் நாள் செய்த தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் சூன் 21-ஆம் நாள் யோகநாளாகக் கொண்டாடப்படுகின்றது. இவையெல்லாம் மகிழ்தற்குரியனவே. உடல்நலம் இகழ்தற்குரியதன்று, உடம்பைப் பேணும் அறத்தைத் திருமூலரும் வற்புறுத்தினார்.

ஆயினும் ஆதனம் எட்டனுள் மூன்றாவது. பதஞ்சலியார் தம் நூலில் அதற்கு மூன்று சூத்திரங்களே வகுத்தார். திருமூலரும் அதனைச் சுருக்கமாகவே கூறி மேற்சென்றார். மூன்றாம் படியில் நிற்பார் முதலிரண்டு படியையும் கடந்துதான் நிற்கின்றனரா என்பதே வினாவாதல் வேண்டும். பெருந்திரளாகக் கூடி ஆதனம் பயிலும் இடத்தும் ஒருவரையொருவர் அறியாது பிரிவாராயின், அது திரளே அன்றிக் கூட்டமன்று. நால்வரே கூடினும், ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டு, தம்முள் ஐயம் தீர்த்து, வந்தார்க்கும் பகுத்துண்டு பயில்வாராயின், அது மூலர் கண்ட பள்ளியின் கிளையே ஆம்.

காவிரி பல கிளையாய்ப் பிரிந்து, வாய்க்கால்தொறும் புகுந்து, வயல்தொறும் நின்று, எஞ்சியதே கடல் சேர்கின்றது. மேல்மடைக்காரர் கீழ்மடைக்கு நீர் விடாது அடைப்பின் நாடு விளையாது. கல்வியும் யோகமும் அவ்வாறே பகிரப் பகிர விளைவன. திருவாவடுதுறையும் திருவிசநல்லூரும் ஒருநாள் நடைக்குள் அடங்கும் ஊர்கள். ஒன்றில் மூலர் பகுத்துண்டலை இயமம் என்று வகுத்தார். மற்றொன்றில் ஐயாவாள் அதனைச் செய்து காட்டி அதன்பொருட்டு விலக்கும் ஏற்றார். யோகம் பயிலும் கூட்டம் எங்கு அமையினும், அதன் உண்மையை அறிதற்கு ஆதனத்தின் அருமையை நோக்க வேண்டா. அதன் பந்தியில் இடம் பெற்றார் யாவர், இடம் பெறாதார் யாவர் என்பதை நோக்கின் போதும்.